கடைக்கு மூன்று பூட்டு, கணக்குக்கு?



இரவு கடையை மூடும்போது நாம் என்ன செய்கிறோம்? ஷட்டரை இறக்கி இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறோம். நடுவில் இன்னொரு பூட்டு. பிறகு ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்க்கிறோம். பத்தடி நடந்தவர் சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. இதை யாரும் குறை சொல்வதில்லை. உடைமையைக் காப்பது நமது கடமை.

அதே கடைக்குள் காசாளரின் மேசையில் ஒரு கணனி இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம், யாருக்கு நாம் கொடுக்க வேண்டும், எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு, ஸ்டொக் எவ்வளவு என்ற விபரமெல்லாம் அதற்குள்தான். அதன் பாஸ்வேர்ட் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் ஒட்டப்பட்டிருக்கிறது. பகலில் பில் போடும் அதே கணனியில் மாலையில் பொடியன்மார் படம் பார்க்கிறார்கள். வருகிறவர் போகிறவர் பென் டிரைவை எல்லாம் அதில்தான் செருகுகிறார்கள். இதை நாம் இழுத்துப் பார்ப்பதில்லை.

கணனி வைரஸ் என்ற ஆபத்தைச் சாதாரண பாவனையாளர்களாகிய நாம் போதிய அளவு கவனத்தில் எடுக்கிறோமா? இந்த வாரப் பாடம் இதுதான்.

ஒரு நோன்பு மாதத்தில் நடந்தது

எனக்கு நன்கு பழக்கமான ஒரு ஹாட்வெயார் மொத்த வியாபாரி. வருடாவருடம் ரமழானின் கடைசிப் பத்தில் கணக்கை முடித்து ஸகாத்தைப் பிரிப்பார். ஒரு வருடம் அந்த நாட்களில் காலையில் கணனியைத் திறந்தபோது எந்தக் கோப்பும் திறபடவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துக்கள். திரையில் ஒரு அறிவித்தல்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறப்பு வேண்டுமென்றால் இத்தனை டொலர் அனுப்புங்கள்.

பில் போடும் மென்பொருளின் திருட்டுப் பிரதியொன்றை ஊழியர் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தார். வைரஸ் அதனோடு சேர்ந்து வந்திருக்கிறது. "பெக்கப் இருக்குதானே ஹாஜியார்?" என்று கேட்டேன். இருந்தது. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் அதே கணனியில் செருகியபடியே இருந்தது. கணனியோடு சேர்த்து அதையும் பூட்டிவிட்டார்கள்.

அவர் காசு அனுப்பவில்லை. அவரைக் காப்பாற்றியது பழைய கணக்கப்பிள்ளை. "கணனி இருக்கும்போது இது எதற்கு?" என்று எல்லோரும் கேலி செய்தும், அந்த மனிதர் பெரிய கடன்களைக் கார்பன் வைத்த பில் புத்தகத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்கை மீட்டார்கள். சிறிய கடன்களுக்குப் புத்தகம் இல்லை. கடன்காரரின் வாய்ச்சொல்லைத்தான் நம்பவேண்டியிருந்தது. தாமாகவே வந்து தொகையைச் சொன்னவர்கள் இருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரகத் செய்வானாக. ஞாபகம் இல்லை என்றவர்களும் இருந்தார்கள்.

அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனதில் நிற்கிறது: "எனக்கு வரவேண்டியது போனால் போகட்டும். நான் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் தெரியாமல் போய்விட்டது. அந்த நேரம் மௌத்தாகி இருந்தால் என்ட பிள்ளைகள் எதைப் பார்த்துக் கடனை அடைப்பார்கள்?"

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. சூரா பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதி வைப்பது மார்க்கம் காட்டிய வழியென்றால், எழுதியதை அழியாமல் பாதுகாப்பதும் அதனுள் அடங்கும்தானே?

ஏன் நாம் அசட்டையாக இருக்கிறோம்?

முதலாவது காரணம், "நம்மட கடையில என்ன இருக்கு களவெடுக்க?" என்ற எண்ணம். கள்வன் கடை பார்த்துத்தான் வருவான் என்று நினைக்கிறோம். வைரஸ் அப்படியல்ல. அது மழைநீர் போல, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இறங்கும்.

2017 மே 12ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, 'வன்னாக்ரை' என்ற வைரஸ் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளை அது பூட்டியது. ஒரு கணனிக்கு 300 டொலர் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர்களின் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் இரத்தாயின. இதில் கவனிக்கவேண்டிய விடயம் என்னவென்றால், அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே வருடம் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து 59 நாட்களுக்குப் பிறகுதான் நோய் வந்தது. மருந்தைப் போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

இரண்டாவது காரணம், பழைய அனுபவம். 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் பிலிப்பைன்ஸிலிருந்து இமெயில் மூலம் உலகமெங்கும் பரவியதைச் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்களின் படங்களையும் கோப்புகளையும் அது அழித்தது. அதை எழுதியவர் ஒரு மாணவர். அந்தக் காலத்து வைரஸ்களில் பெரும்பாலானவை விளையாட்டுக்கும் பெயருக்குமாகச் செய்யப்பட்டவை. கணனி மெதுவாகும், கடைக்காரர் வின்டோஸை மறுபடி போட்டுத் தருவார், விடயம் முடிந்துவிடும். இன்றும் வைரஸ் என்றால் அதுதான் என்று நினைக்கிறோம். இன்று அது ஒரு தொழில். பூட்டுபவன் ஒருவன், அதற்குரிய கருவியை வாடகைக்குக் கொடுப்பவன் வேறொருவன், பணத்தை மாற்றிக் கொடுப்பவன் இன்னொருவன். நம்மைப்போல் அவர்களும் இலாப நட்டம் பார்க்கிறார்கள்.

மூன்றாவது காரணம், பொறுப்பை இன்னொருவர் தலையில் போடுவது. "நானா, அதெல்லாம் கொம்பியூட்டர் பொடியன் பார்ப்பான்." அந்தத் தம்பி மாதத்துக்கு ஒருமுறை வந்து பிரின்டரைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். நமது கடன் புத்தகத்தைக் காப்பது தன் வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நியாயத்தின் மறுபக்கமும் உண்டு

பாவனையாளரை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோமக் ஹேர்லி என்பவர் 2009இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், பாதுகாப்பு ஆலோசனைகளை மக்கள் புறக்கணிப்பது முட்டாள்தனத்தால் அல்ல என்று வாதிட்டார். ஒவ்வொரு எச்சரிக்கையையும் வாசித்து ஒவ்வொரு விதியையும் பின்பற்றினால் செலவாகும் நேரம், அதனால் தவிர்க்கப்படும் நட்டத்தைவிட அதிகமாகிவிடுகிறது, ஆகவே மக்கள் தம்மை அறியாமலே சரியான கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது அவர் வாதம்.

வியாபாரி என்ற வகையில் இதில் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். ஐம்பது விதிகளைச் சொன்னால் ஒன்றையும் செய்யமாட்டோம். ஆனால் வீட்டில் பேரப்பிள்ளை விளையாடும் கணனிக்கும் கடையின் பேரேடு இருக்கும் கணனிக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது கெட்டால் ஒரு நாள் போகும். இரண்டாவது கெட்டால் பத்து வருடத்து வியாபாரம் போகும், அடுத்தவரின் உரிமையும் சேர்ந்து போகும். எனவே எல்லாவற்றையும் காக்கவேண்டியதில்லை, பேரேட்டைக் காத்தால் போதும். அதற்குச் சில காரியங்களே தேவை. அவற்றைச் சொல்லுமுன் நமக்கு நெருக்கமான மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

மூன்று சம்பவங்கள், மூன்று படிப்பினைகள்

ஒன்று: 2017 ஜூன் 27ஆம் திகதி 'நொட்பெட்யா' என்ற வைரஸ் உக்ரைனில் கிளம்பியது. அந்நாட்டு வியாபாரிகள் வரிக் கணக்குக்குப் பாவித்த ஒரு கணக்கியல் மென்பொருளின் வழியாகவே அது நுழைந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் எவருக்கும் தெரிந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு உக்ரைனிலும் அலுவலகம் இருந்தது. அங்கிருந்து பரவி, 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் சுமார் பத்து நாட்களில் மறுபடி நிறுவவேண்டிய நிலைக்கு அந்த நிறுவனம் தள்ளப்பட்டது. நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் வரை என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அவர்களது வலையமைப்பை மீட்பதற்கு அவசியமான ஒரு பதிவு உலகின் எல்லா அலுவலகங்களிலும் அழிந்துபோயிருந்தது. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் மின்சாரம் தடைப்பட்டதால் அங்கிருந்த சேர்வர் தொடர்பறுந்து கிடந்தது. அந்த ஒன்றுதான் மிஞ்சியது. அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது, இணைக்கப்படாமல் இருந்த ஒரு பிரதி. நமது ஹாட்வெயார் ஹாஜியாரின் கார்பன் பில் புத்தகமும் அதேதான்.

இரண்டு: 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தில் நடந்த களவு. வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற இமெயில்களை வங்கி ஊழியர்களுக்கு அனுப்பித்தான் கள்வர்கள் உள்ளே நுழைந்தார்கள். பல மாதங்கள் சத்தமில்லாமல் உள்ளே இருந்து, வார விடுமுறை தொடங்கும் வியாழன் இரவு பார்த்து, நியூயோர்க்கில் இருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி டொலரை மாற்றுமாறு உத்தரவு அனுப்பினார்கள். பரிமாற்றங்களை அச்சிடும் பிரின்டரையும் அந்த வைரஸ் முடக்கியது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 20 மில்லியன் டொலர் நமது நாட்டில் இருந்த ஓர் அமைப்பின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் ஒரு ஆங்கிலச் சொல்லின் எழுத்துப் பிழையை இடையில் இருந்த வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதால் அந்தத் தொகை தடுக்கப்பட்டது. 20 மில்லியனைக் காப்பாற்றியது ஓர் இயந்திரமல்ல. பெயரை வாசித்துப் பார்த்த ஒரு மனிதர்.

மூன்று: இது நம் நாட்டில் நடந்தது. 2023 ஆகஸ்ட்டில் அரசாங்கத்தின் கணனி மேகத் தொகுதியில், கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச இமெயில் முகவரிகளைப் பாவித்த அலுவலகங்கள் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களை இழந்தன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான ஒரு பழைய மென்பொருள். தொடர்பில் இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தொடர்பறுத்து வைத்த பிரதி அந்த மாதங்களுக்கு இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால் நாம் எம்மாத்திரம் என்று பயப்படவேண்டாம். அங்கே தவறிய காரியத்தை ஒரு சில்லறைக் கடைக்காரர் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை வைத்துச் செய்துவிடலாம்.

செய்யவேண்டிய ஆறு காரியங்கள்

1. கழற்றி வைத்த பிரதி. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று, மறுநாளைக்கு மற்றது. கணக்கைப் பிரதியெடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, இழுத்துப் பார்க்காத பூட்டுப் போன்றது.

2. மாத முடிவில் கடதாசி. வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன், கையிலுள்ள காசோலைகள் ஆகிய மூன்று பட்டியல்களையும் அச்சிட்டு, திகதியிட்டு, கையெழுத்து வைத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். கடதாசிக்கு வைரஸ் வராது.

3. திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். டேட்டா முடிகிறது, பில் போடும் நேரத்தில் கணனி மெதுவாகிறது என்று சொல்லி 'அப்டேட்' வருவதை நிறுத்தி வைக்கிறோம். வாரத்தில் ஒருநாள், கடை மூடியபின் அதைச் செய்யவிடுங்கள். வின்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியும், வின்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிந்துவிட்டன. பழைய வின்டோஸில் பேரேடு வைத்திருப்பவர், ஒன்று அதை மாற்றவேண்டும், அல்லது அந்தக் கணனியை இன்டர்நெட்டிலிருந்து முழுமையாகப் பிரித்துவிடவேண்டும்.

4. திருட்டு மென்பொருளை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கான ரூபா பெறுமதியான மென்பொருளை ஒருவன் நமக்கு ஏன் சும்மா தருகிறான்? அதன் பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு எதையும் வைக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? மார்க்க ரீதியாகவும் இது சிந்திக்கவேண்டியது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வர்த்தகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. வாங்க வசதியில்லாவிட்டால், இலவசமாகவே கிடைக்கும் 'லிப்ரே ஒபிஸ்' போன்றவை இருக்கின்றன. அன்டிவைரஸும் வின்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதை நிறுத்தச் சொல்லும் எந்த மென்பொருளையும் போடாதீர்கள்.

5. பேரேட்டுக்குத் தனிக் கணனி. படம், பாட்டு, வட்ஸ்அப், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் வேறொன்று இருக்கட்டும். முடியாவிட்டால், ஊழியர் பாவிக்கும் கணக்கை மென்பொருள் நிறுவும் அதிகாரம் இல்லாததாக மாற்றித் தரும்படி அந்தக் கணனித் தம்பியிடம் கேளுங்கள், அரை மணித்தியால வேலை. கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தும். கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் வட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்புகளைத் திறக்கவேண்டாம் என்று இந்தியப் பொலிஸார் 2024இல் எச்சரித்தார்கள். அழைப்பிதழ் ஒரு படமாக வரும். செயலியாக வராது. வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கமும் அதே போனில்தான் வருகிறது என்பதை மறக்கவேண்டாம்.

6. கணக்கு இலக்கம் மாறினால் வாயால் கேளுங்கள். இறக்குமதி செய்யும் சகோதரர்களுக்கு இது மிக முக்கியம். இமெயில் பெட்டிக்குள் புகுந்தவன் வாரக்கணக்கில் சும்மா வாசித்துக்கொண்டிருப்பான். பணம் அனுப்பும் நேரம் வந்ததும், விநியோகஸ்தரின் பெயரிலேயே, அதே இன்வொய்ஸை வைத்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது" என்று எழுதுவான். அந்த இமெயிலில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் முன்பிருந்தே உள்ள இலக்கத்துக்கு அழைத்து, தெரிந்த குரலிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே பணத்தை அனுப்புங்கள். போன பணம் திரும்புவது அரிது.

மாட்டிக்கொண்டால்?

முதலில் வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள், வைபையை நிறுத்துங்கள். ஒரு கணனியில் உள்ளது மற்றதற்குப் போகாமல் இருக்கவேண்டும். பதற்றத்தில் பெக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து அதே கணனியில் செருகிவிடாதீர்கள், பலர் செய்யும் தவறு இது. திரையில் உள்ளதை போனால் படம் எடுத்து வையுங்கள். உடனே காசு கொடுக்க ஓடாதீர்கள். கொடுத்தாலும் திறப்பு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை, வாக்குக் கொடுப்பவன் கள்வன்.

நெதர்லாந்துப் பொலிஸாரும் யூரோபோலும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் 'நோ மோர் ரான்ஸம்' என்ற சேவையை ஆரம்பித்தன. சில வகை வைரஸ்களுக்கான திறப்புகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நமது நாட்டில் 2006இல் நிறுவப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் இத்தகைய சம்பவங்களில் ஆலோசனை வழங்குகிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது தண்டனைக்குரிய குற்றம், பொலிஸில் முறையிடலாம். "வெளியில் தெரிந்தால் வெட்கம்" என்று மறைப்பவர் அடுத்த கடைக்காரரையும் மாட்டவிடுகிறார்.

முடிவாக

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பதை நபி (ஸல்) அவர்கள் சரிகாணவில்லை என்பதை சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். கட்டிவிட்டுத்தான் பொறுப்புச் சாட்டவேண்டும். நமது காலத்து ஒட்டகங்களில் ஒன்று காசாளர் மேசையில் நிற்கிறது. அதன் முதுகில் இருப்பது நமது பொருள் மட்டுமல்ல. நம்மிடம் கடன் பட்டவரின் விபரம், நாம் கடன் பட்டவரின் உரிமை, வாடிக்கையாளர் நம்பித் தந்த பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் யாவும் அமானிதமாக அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன.

ஆறையும் ஒரே நாளில் செய்யவேண்டுமென்று சொல்லவில்லை. இந்த வாரம் முதல் இரண்டையும் செய்யுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பிரதியெடுத்துக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கடன் பட்டியலை அச்சிட்டுப் பெட்டியில் வையுங்கள். திரையில் ஒட்டியுள்ள அந்தத் துண்டுக் கடதாசியையும் கிழித்துவிடுங்கள். பிறகு இரவில் ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது, "இன்றைய பிரதி எடுத்தாயிற்றா? டிஸ்க்கைக் கழற்றியாயிற்றா?" என்று காசாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவே நாலாவது பூட்டு.

அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரகத்தையும், பிறர் உரிமைகளைப் பேணும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.